சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களின் உடை: கேள்வி பதில்

வணக்கம். துணிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். வேலைக்குப் போவதும் வருவதும் சைக்கிளில்தான். போய்ச் சேர்ந்த பிறகு என்ன உடுத்துவது, எங்கே மாற்றுவது, பக்கத்து இருக்கைக்காரருக்குத் தொந்தரவில்லாமல் எப்படி நடந்துகொள்வது, எதை வேண்டுமானாலும் கேளுங்கள். எந்த சைக்கிள் வாங்கலாம் என்பதை மட்டும் கேட்க வேண்டாம்.

கேள்வி (புதிதாகத் தொடங்கியவர்): அக்கா, எங்கள் அலுவலகத்தில் குளிக்க வசதி இல்லை. வீட்டிலிருந்து எட்டு கிலோமீட்டர். போய் இறங்கும்போது சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. சைக்கிளை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

பதில்: விடாதீர்கள். புதிதாக வழியும் வியர்வைக்கு வாடை அநேகமாகக் கிடையாது. அக்குளிலும் தொடையிடுக்கிலும் உள்ள ஒரு வகைச் சுரப்பிகள் கொழுப்பும் புரதமும் கலந்த நீரைச் சுரக்கின்றன. தோலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதுதான் வாடை பிறக்கிறது. அதற்கு நேரம் பிடிக்கும். காலையில் குளித்து, துவைத்த துணியோடு கிளம்பியவர் நனைந்து வந்து சேரலாம், ஆனால் நாற மாட்டார். அந்த ஈரத்தோடு மதியம் வரை உட்கார்ந்திருந்தால்தான் சிக்கல்.

மிதிப்பதில் உடல் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் சைக்கிளை நகர்த்துகிறது. மிச்சம் முழுக்க வெப்பம். பெடலில் 100 வாட் கொடுக்கிறீர்கள் என்றால் 300 வாட்டுக்குக் குறையாமல் உடம்பு சூடாகிறது. ஓட்டும்போது எதிர்க்காற்று அதைக் கொண்டுபோய்விடும். நிறுத்திய உடனே காற்று நின்றுவிடும், உள்ளே இருக்கும் சூடு நிற்காது. அதனால்தான் இறங்கிய முதல் பத்து நிமிடத்தில் வியர்வை கொட்டுகிறது. அந்த நேரத்தில் ஓடிப்போய் மாற்றுச் சட்டையைப் போட்டுக்கொள்கிறவர்கள் இரண்டாவது சட்டையையும் நனைத்துக்கொள்கிறார்கள்.

வந்ததும் உடை மாற்றாதீர்கள். இன்று இதைப் பல முறை சொல்லப்போகிறேன். சைக்கிளைப் பூட்டுங்கள், தண்ணீர் குடியுங்கள், நிழலிலோ மின்விசிறியடியிலோ பத்துப் பதினைந்து நிமிடம் இருங்கள். வியர்வை நின்ற பிறகு ஈரத்துணியால் முகம், கழுத்து, அக்குள், கால் இடுக்கு, பாதம் என்று துடைத்து, உலர்ந்த துண்டால் ஒற்றியெடுத்துவிட்டு மாற்றுங்கள். உள்ளாடையும் காலுறையும் சேர்த்துத்தான். நிறையப் பேர் சட்டையை மட்டும் மாற்றிவிட்டு, வாடை போகவில்லையே என்கிறார்கள்.

அடுத்தது வேகம். காற்றைக் கிழித்துப் போக வேண்டிய சக்தி வேகத்தின் கனமடங்காக ஏறும், அதாவது வேகம் இரட்டித்தால் சக்தி எட்டு மடங்கு. மணிக்கு 20 கிலோமீட்டரிலிருந்து 16க்கு இறங்கினால் காற்றுக்காகச் செலவிடும் சக்தி ஏறத்தாழ பாதியாகிவிடும். உங்கள் எட்டு கிலோமீட்டருக்கு 24 நிமிடம் 30 நிமிடமாகும், அவ்வளவுதான். அந்த ஆறு நிமிடத்தைக் காலையில் கொடுங்கள். வியர்க்க வேண்டுமானால் மாலையில் வீடு திரும்பும்போது எவ்வளவு வேண்டுமானாலும் வியர்க்கலாம்.

கேள்வி (கணக்காளர்): முதுகில் மாட்டும் பையால்தான் எனக்கு முதுகு மட்டும் நனைகிறது. பைக்கு ஏதாவது வலைத் தடுப்பு வாங்கலாமா?

பதில்: வலை கொஞ்சம் உதவும். பையை முதுகிலிருந்து எடுத்து கேரியருக்கு மாற்றினால் முழுசாகத் தீரும். பக்கவாட்டுப் பை, முன்கூடை, எதுவானாலும் சரி.

கேள்வி (மாணவர்): அலுவலகம் போக கியர் சைக்கிள் நல்லதா, சாதா சைக்கிள் நல்லதா?

பதில்: சைக்கிள் கடைக்காரரைக் கேளுங்கள்.

கேள்வி (விற்பனைப் பிரிவு): தினமும் துவைத்தும் என் விளையாட்டுச் சட்டையில் ஒரு வாடை தங்கிவிட்டது. போட்டு ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிடுகிறது. துவைப்பதில் குறையா, துணியில் குறையா?

பதில்: துணிதான். என் வேலையே இது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சாதாரண ஈரப்பதமுள்ள காற்றில் பாலியஸ்டர் தன் எடையில் 0.4 சதவீதம் அளவுக்குத்தான் ஈரத்தை உள்ளே இழுக்கும். பருத்தி 8 சதவீதம் போல, கம்பளி 16 சதவீதம் போல. பாலியஸ்டருக்குத் தண்ணீர் ஆகாது, எண்ணெய் ஆகும். உடம்பின் எண்ணெய்ப் பசை அந்த இழையில் போய் ஒட்டிக்கொள்கிறது, வாடை தரும் பொருள்களும் அதோடு தங்குகின்றன. குளிர்ந்த தண்ணீரில் அவசரமாக அலசினால் அழுக்கு போகும், எண்ணெய் போகாது. மறுநாள் உடல் சூடு பட்டதும் பழைய வாடை எழும்புகிறது. உங்கள் ஐந்து நிமிடத்துக்குக் காரணம் இதுதான்.

ஆகவே கழற்றிய உடனே அலசுங்கள். துணியின் சீட்டில் எவ்வளவு சூடு அனுமதித்திருக்கிறதோ அவ்வளவு வெதுவெதுப்பான நீரில், நன்றாக நுரைக்கும் சோப்புத் தூளோடு ஊறவைத்துத் துவையுங்கள். துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவத்தை இந்த வகைத் துணிக்கு ஊற்றவே வேண்டாம். அது இழைமேல் படலமாகப் படிந்து, வியர்வையைக் கடத்தும் தன்மையையே கெடுத்துவிடும். ஈரத் துணியை மூடிய பையில் நாள் முழுக்க வைக்காதீர்கள். பாக்டீரியாவுக்குச் சூடும் ஈரமும் கொடுத்து வளர்க்கிற வேலை அது.

ஓட்டும்போது பாலியஸ்டர் போடலாம், சீக்கிரம் காயும். நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும்போது பருத்தியோ லினனோ போடுங்கள். இரண்டுக்கும் ஒரே உடை வேண்டுமென்றால் மெல்லிய கம்பளி பனியன் பாருங்கள். கம்பளி என்றதும் குளிர்காலம் நினைவுக்கு வரும். ஆனால் மெல்லிசாக நெய்த கம்பளி வெயிலிலும் போடக்கூடியது, வாடையை மற்ற எல்லாவற்றையும்விட நன்றாகத் தாங்கும். விலை அதிகம்தான், ஒன்றிரண்டு இருந்தால் போதும்.

கேள்வி (வரவேற்புப் பிரிவு): டியோடரண்ட் அடித்துக்கொண்டால் போதாதா?

பதில்: போதாது. டியோடரண்ட் வாடையைக் கட்டுப்படுத்தும், வியர்வையை நிறுத்தாது. வியர்வையைக் குறைப்பது அலுமினிய உப்பு கலந்த வேறு வகை. அதை இரவு படுக்கும் முன் உலர்ந்த தோலில் தடவினால்தான் நன்றாக வேலை செய்யும். வியர்த்துக்கொண்டிருக்கும்போது தடவினால் கழுவிக்கொண்டு போய்விடும். எதுவானாலும் உங்கள் இருக்கையில் உட்கார்ந்து பீய்ச்சாதீர்கள். மூச்சிரைப்பு உள்ளவர் பக்கத்தில் இருக்கலாம்.

கேள்வி (வங்கி ஊழியர்): எங்கள் வங்கியில் குளியலறை கிடையாது...

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி (மென்பொருள் பொறியாளர்): நான் உடலோடு ஒட்டும் லைக்ரா கால்சட்டையில் வந்து அப்படியே இருக்கையில் உட்கார்ந்து மின்னஞ்சல் பார்ப்பேன். அரைமணி கழித்து மாற்றுவேன். மேலாளர் முகம் சுளிக்கிறார். நியாயமா?

பதில்: அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. அந்தக் கால்சட்டை உள்ளாடை இல்லாமல் போடுவதற்கென்றே தைத்தது. அப்படியென்றால் அதுவே உள்ளாடை. அதை நனைத்துக்கொண்டு, நாளை இன்னொருவர் உட்காரக்கூடிய துணி நாற்காலியில் உட்காருகிறீர்கள். வாசலிலேயே மேலே ஒரு தொளதொளப்பான அரைக்கால் சட்டையை மாட்டிக்கொள்ளுங்கள். சூடு தணியும் நேரத்தை இருக்கையில் கழிக்க வேண்டாம், சைக்கிள் நிறுத்துமிடத்தில் கழியுங்கள்.

அவரே: ஒப்புக்கொள்ள மாட்டேன். உடையைப் பார்த்து முகம் சுளிப்பது பழைய நோய். 1898இல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் ஒரு விடுதியில் ஹார்பர்டன் சீமாட்டி சைக்கிள் ஓட்டத் தோதான கால்சட்டையோடு போனார். உணவுக்கூடத்தில் உட்கார விடவில்லை. அன்றைக்கு முகம் சுளித்தவர்களும் "நியாயம்" என்றுதான் சொன்னார்கள்.

பதில்: அந்த வழக்கு எனக்கு மிகவும் நெருக்கமானது. சைக்கிள் பயணிகள் சங்கம் அவருக்காக நீதிமன்றம் போனது. வேறொரு அறையில் சாப்பாடு தர முன்வந்தாரே என்று 1899இல் நடுவர் குழு விடுதிக்காரம்மாவைக் குற்றமற்றவர் என்று விட்டுவிட்டது. எனக்கு அந்தத் தீர்ப்பில் இன்றும் கோபம் உண்டு. ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். சீமாட்டி போட்டிருந்தது உடம்பை மூடிய தொளதொளப்பான உடை. யார் மூக்குக்கும் யார் நாற்காலிக்கும் அதனால் கேடில்லை. பெண் அதைப் போடக்கூடாது என்பது மட்டுமே ஆட்சேபம். உங்கள் விஷயத்தில் ஈரம் இருக்கிறது, அதைத் தொட்டு வேலை செய்ய வேண்டிய இன்னொருவர் இருக்கிறார்.

கேள்வி (பள்ளி ஆசிரியர்): நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இந்தச் சண்டையே வேண்டாமே? மெதுவாக ஓட்டினால் வேலைக்குப் போடும் உடையிலேயே போகலாம். நான் அப்படித்தான் போகிறேன். தனி உடை, மாற்று உடை எல்லாம் பந்தயக்காரர்களுக்கு.

கேள்வி (மருத்துவமனை ஊழியர்): ஆசிரியருக்கு எத்தனை கிலோமீட்டரோ! எனக்குப் பதினெட்டு, நடுவில் இரண்டு மேடு. மெதுவாக ஓட்டினால் விடியும் முன் கிளம்ப வேண்டும்.

பதில்: இரண்டு பேர் சொல்வதும் அவரவர் பாதைக்குச் சரி. ஐந்து கிலோமீட்டர் வரை, சமதளம், கடும் வெயில் இல்லை என்றால் நான் ஆசிரியர் கட்சி. அதற்கு மேல் போனால், அல்லது மேடு வந்தால், எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் உடம்பைத் தூக்கி ஏற்றத்தான் வேண்டும். அங்கே மாற்றுடை இல்லாமல் முடியாது. மின்மோட்டார் உதவியுள்ள சைக்கிள் இருந்தால் மேடு மட்டும் தணியும்.

பொறியாளருக்கு இன்னொன்று. உடன் வேலை செய்கிறவர்கள் ஆட்சேபிக்க உரிமையுள்ளவை மூன்று: வாடை, ஈரம், அளவுக்கு மீறித் தெரியும் உடம்பு. ஹெல்மெட்டில் அமுங்கிய முடி, ஒளிரும் பட்டி போட்ட பை, சிவந்த முகம் இவற்றுக்கெல்லாம் யாரிடமும் நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. அதற்கு முகம் சுளிக்கிற மேலாளர் இருந்தால் சொல்லுங்கள், உங்கள் பக்கம் நிற்கிறேன்.

மென்பொருள் பொறியாளர்: சரி, வாசலிலேயே மாற்றுகிறேன். மாற்ற அறை எங்கே? கழிப்பறையில் ஒற்றைக்காலில் நின்றுதான் மாற்ற வேண்டியிருக்கிறது. நாகரிகம் எங்களுக்கு மட்டும்தானா?

பதில்: இந்தக் கேள்வியை அப்படியே நிர்வாகத்திடம் எடுத்துப் போங்கள், முழு மனதோடு சொல்கிறேன். பசுமைக் கட்டடங்களுக்கான லீட் சான்றிதழில் சைக்கிள் வசதிக்கென்றே மதிப்பெண் உண்டு. அதன் நான்காம் பதிப்பில் முதல் 100 பேருக்கு உடைமாற்றும் வசதியோடு ஒரு குளியலறை, அதற்கு மேல் ஒவ்வொரு 150 பேருக்கும் இன்னொன்று என்று கணக்கு. உங்கள் கட்டடம் அந்தச் சான்றிதழைத் தேடுகிறது என்றால் இது கைவசம் இருக்கட்டும். குளியலறை பெரிய செலவு என்று சொன்னால், முதலில் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, நான்கு கொக்கி, ஒரு மின்விசிறி கேளுங்கள். பெரும்பாலான அலுவலகங்களில் சாமான் போட்டு வைத்த ஓர் அறையாவது இருக்கும். ஒருவராகக் கேட்காமல், சைக்கிளில் வரும் எல்லோரும் கையெழுத்திட்டுக் கேளுங்கள்.

கேள்வி (வழக்கறிஞர்): பேன்ட்டின் வலது காலில் செயின் கறை. என்ன செய்வது?

பதில்: சூடு காட்டாதீர்கள். வெந்நீர், இஸ்திரி இரண்டும் கறையை நிலைக்க வைத்துவிடும். பருத்தியானால் தண்ணீர் படும் முன்னே பாத்திரம் துலக்கும் திரவத்தைக் கறைமேல் விட்டு, விரலால் மெதுவாகத் தேய்த்து, கால் மணி ஊறவிட்டு அலசுங்கள். போகவில்லையென்றால் காயவைக்காமல் மறுபடி செய்யுங்கள். கம்பளிப் பேன்ட்டைத் தேய்க்காமல் டிரை கிளீனிங் கொடுங்கள். இனி வராமல் இருக்க முழு செயின் கவர், அது இல்லையென்றால் கணுக்காலில் ஒரு பட்டி.

நீங்கள் கோட்டு அணிகிறவர் என்பதால் கூடுதலாக: கோட்டு, பெல்ட், ஷூ மூன்றையும் அலுவலகத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். நல்ல பேன்ட்டில் ஓட்டினால் சீட்டில் உரசி உட்காரும் இடத்தில் நைந்துபோகும். புதுத் தோல் சீட்டு நனைந்தால் சாயம் வேறு ஏறும்.

கேள்வி (வடிவமைப்பாளர்): நீளப் பாவாடையும் கழுத்துத் துணியுமாக ஓட்டுகிறேன். பழகிவிட்டது, ஆபத்தா?

பதில்: ஆபத்துதான். பின்சக்கரத்துக்கு இருபுறமும் வலைத் தடுப்பு மாட்டுங்கள். கழுத்துத் துணியைக் கழற்றிப் பைக்குள் வையுங்கள், முடிச்சுப் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். நடனக் கலைஞர் இசடோரா டங்கன் 1927இல் இறந்தது கழுத்துத் துணி கார் சக்கரத்தில் சிக்கியதால்தான்.

கேள்வி (நூலகர்): அக்கா, தொடையிடுக்கில் அரிப்பும் சிவப்பும்...

பதில்: தோல் மருத்துவரைப் பாருங்கள். அதுவரை ஈரக் கால்சட்டையில் உட்காராதீர்கள்.

கேள்வி (அரசு அலுவலர்): குளிக்க வசதியில்லாத அலுவலகத்தில்...

பதில்: முதல் பதில். ஏற்கெனவே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். கேட்கும் முன் மேலே ஒருமுறை படித்துவிடுங்கள்.

கேள்வி (கிடங்கு மேற்பார்வையாளர்): மழைக்கோட்டை எங்கே காயப்போடுவது? நாற்காலி முதுகில் போட்டால் திட்டுகிறார்கள்.

பதில்: திட்டட்டும். சொட்டும் தண்ணீரைத் துடைக்கிறவர் துப்புரவுப் பணியாளர், வழுக்கி விழுகிறவர் வேறு யாரோ. வெளியிலேயே நன்றாக உதறி, காற்று வரும் இடத்தில் கீழே தட்டு வைத்துத் தொங்கவிடுங்கள். முழுநீள மட்கார்டும் அதன் நுனியில் ரப்பர் மடலும் இருந்தால் சேறு பாதியாகக் குறையும். வெதுவெதுப்பான மழையில் உடலோடு ஒட்டும் கோட்டைவிட, காற்றுப் புகும் போர்வைக் கோட்டு நல்லது. காற்று பலமாக அடிக்கும் நாளில் மட்டும் அது வேண்டாம், பாய்மரம் போல் இழுத்துவிடும். ஈரமாக மடித்துப் பையில் மட்டும் வைக்காதீர்கள்.

கேள்வி (குழுத் தலைவர்): என் குழுவில் ஒருவர் சைக்கிளில் வருகிறார். வாடை அடிக்கிறது, மற்றவர்கள் என்னிடம் சொல்கிறார்கள். அவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?

பதில்: நீங்கள் ஒருவரே, தனியாக, ஒரே முறை, நேராகச் சொல்லுங்கள். மாலையில் சொல்லுங்கள், நாள் முழுக்க அவர் கூசிக்கொண்டு உட்கார வேண்டாம். "சைக்கிளில் வந்த பிறகு உடையில் வாடை தங்குகிறது, உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்று சொல்கிறேன், உடை மாற்ற இடம் வேண்டுமா?" இவ்வளவு போதும். "எல்லோரும் சொல்கிறார்கள்" என்று சொல்லாதீர்கள். மேசையில் டியோடரண்ட் வைத்துவிட்டுப் போவது, பொதுச் சுற்றறிக்கை விடுவது இரண்டும் கொடுமை. தன் வாடை தனக்குத் தெரியாமல் போவது மூக்கின் இயல்பு, அவர் அசிங்கமானவர் என்று பொருளில்லை. சில உடல்நலக் காரணங்களாலும் வாடை மாறலாம், அதைத் துருவிக் கேட்க வேண்டாம். காலையில் அவர் பதினைந்து நிமிடம் தாமதமாக இருக்கைக்கு வர அனுமதி கொடுங்கள். அவர் செய்ய வேண்டியது முதல் பதிலில் இருக்கிறது, அதைக் காட்டுங்கள்.

கேள்வி (வேலை தேடுபவர்): நேர்முகத் தேர்வுக்கு சைக்கிளில் போகலாமா?

பதில்: தாராளமாகப் போகலாம். நாற்பது நிமிடம் முன்னதாகச் சென்று, அந்தக் கட்டடத்துக்குள் நுழையும் முன்பே வேறொரு இடத்தில் சூடு தணிந்து மாற்றிக்கொள்ளுங்கள். சட்டையை மடிக்காமல் உருட்டி எடுத்துப் போனால் கோடு விழாது. ஹெல்மெட்டையும் பையையும் வரவேற்பறையில் கேட்டு வைத்துவிட்டு உள்ளே போங்கள்.