கொதிக்க வைத்தால் ஒயின் பழச்சாறு ஆகிவிடுமா?

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் எங்களுக்குப் பிளம், பேரி மரங்கள் உண்டு. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் பிளம் ஒயின் போடுவது வழக்கம். பழம், சர்க்கரை, ஈஸ்ட் போட்டுப் பீங்கான் ஜாடியில் 21 நாள் வைப்போம். இந்த வருடம் அதைக் கடைசியில் கொதிக்க வைத்து, போதை இல்லாமல் ஆக்கி, ‘நான்-ஆல்கஹாலிக் ஒயின்’ என்று லேபிள் ஒட்டி விற்க நினைக்கிறோம். என் கொழுந்தனாருக்குக் குன்னூரில் கடை இருக்கிறது. 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எந்த உரிமமும் வேண்டாம் என்று வீடியோவில் சொல்கிறார்கள். சரியா?
— ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: சரியில்லை. நீங்கள் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்கிறீர்கள். சட்டம் அதற்கு முன்னாலேயே ஜாடியை எட்டிப் பார்த்துவிடும்.

அந்த 0.5 என்ற எண் பொய்யில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் மதுபானங்கள் குறித்த 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளில், கன அளவில் 0.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருப்பதுதான் ‘மதுபானம்’. சுங்க வரி அட்டவணையின் 22-ஆம் அத்தியாயமும் அதே கோட்டைத்தான் போடுகிறது. ஆனால் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-ல் அந்த எண்ணே கிடையாது. அங்கே ‘மது’ என்ற சொல்லுக்குள் கள், சாராயம், ஒயின், பீர் என்று அடுக்கிவிட்டு, ஆல்கஹால் அடங்கிய எல்லாத் திரவங்களையும் சேர்த்திருக்கிறார்கள். ‘இவ்வளவு விரிவாக எழுதலாமா’ என்ற வாதம் பழையது. பம்பாய் மதுவிலக்குச் சட்டத்தில் இருந்த இதே மாதிரி வரையறையை 1951-ல் பால்சாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. மருந்து, ஒப்பனைப் பொருள்களைத் தொட்ட பகுதிகளில்தான் கைவைத்தது.

இன்னொன்று, தமிழ்நாட்டுச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு விற்பனையோடு நிற்பதில்லை. உரிமம் இல்லாமல் தயாரிப்பது, வைத்திருப்பது, ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்குக் கொண்டுபோவது, தயாரிப்பதற்கான சாமான்களை வைத்திருப்பது எல்லாம் அதற்குள் வரும். 21-ஆம் நாள் உங்கள் ஜாடியில் இருப்பது ஒயின். அன்றைக்கே தயாரிப்பு முடிந்துவிட்டது. 22-ஆம் நாள் அதை அடுப்பில் ஏற்றுவது அதுவரை செய்ததை அழிக்காது. கள்ளக்குறிச்சிச் சாவுகளுக்குப் பிறகு 2024-ல் வந்த திருத்தம் இந்தச் சட்டத்தின் தண்டனைகளை நன்றாகவே ஏற்றியிருக்கிறது. ‘பண்டிகைக்குப் போட்டதுதானே’ என்ற பேச்சு விசாரணையில் இரக்கம் தரலாம், விடுதலை தராது.

அப்படியானால் உலகமெங்கும் விற்கும் ஆல்கஹால் நீக்கிய ஒயின் எப்படி வருகிறது என்று கேட்பீர்கள். முதலில் உரிமத்தோடு முழு ஒயின் செய்கிறார்கள். பிறகு வெற்றிடத்தில் வடிக்கிறார்கள். காற்றழுத்தம் குறைவதால் 78 டிகிரியில் கொதிக்கும் ஆல்கஹால் 30, 40 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். ஜெர்மனியில் கார்ல் யுங் என்பவர் 1900-களின் தொடக்கத்திலேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். சுழலும் கூம்புகள் கொண்ட உயரமான கோபுரத்தில் முதல் சுற்றில் மணத்தைப் பிடித்துத் தனியே வைத்து, இரண்டாம் சுற்றில் ஆல்கஹாலை எடுத்து, மணத்தைத் திரும்பக் கலப்பது இன்னொரு முறை. தண்ணீர் சுத்திகரிப்பில் பார்த்திருப்பீர்களே, அந்த எதிர்ச் சவ்வூடு பரவலும் (ஆர்.ஓ.) உண்டு.

இதில் சட்டத்துக்கு முக்கியமான இடம், பிரிந்து வரும் ஆல்கஹால். 12 சதவீத ஒயின் 1,000 லிட்டரில் 120 லிட்டர் தூய ஆல்கஹால் இருக்கிறது. அது எங்கே போனது என்று கலால் கணக்கு கேட்கும். உங்கள் வீட்டு அடுப்பில் அது ஆவியாகப் போய்விடுகிறது, சரி. ஆனால் பழ மணம் அதற்கு முன்பே போய்விடும், மிஞ்சுவது கஷாயம். மூடி போட்டு, குழாய் வைத்து, ஆவியைக் குளிரவைத்து மணத்தைப் பிடிக்கலாம் என்று மட்டும் யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது சாராய ஊறல் வழக்கில் படம்பிடித்துக் காட்டும் அமைப்பு.

எவ்வளவு நேரம் கொதித்தால் 0.5-க்குக் கீழே வரும் என்பதை வீட்டில் அளக்கவும் முடியாது. திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் சர்க்கரையையும் ஆல்கஹாலையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டும். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில்தான் தெரியும்.

ஒயின் தயாரிப்பு உரிமம் வாங்கலாமே என்றால், விண்ணப்பம் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறைக்கு. சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். பத்துப் பிளம் மரத்துக்கு அது பொருந்தாது.

உங்களுக்கு ஏற்ற வழி, புளிக்கவே விடாத பானம். ஈஸ்ட் வேண்டாம், ஜாடியும் வேண்டாம். மாதிரிக்கு 10 லிட்டர் கணக்கு: பிளம் சாறு 4 லிட்டர், சர்க்கரை 800 கிராம், மீதி தண்ணீர். ஒயினுக்குரிய அந்தத் துவர்ப்புக்கு நம் மலையிலேயே மருந்து இருக்கிறது: 20 கிராம் தேயிலையை அந்தத் தண்ணீரில் ஒரு லிட்டரில் மூன்று நிமிடம் ஊறவைத்து வடித்துச் சேர்க்கலாம். கிராம்பும் பட்டையும் உங்கள் விருப்பம். உடனடியாகக் குடிக்கும் பழ பானத்துக்கான தரம் கேட்பது குறைந்தது 10 சதவீதப் பழச்சாறு, 10 சதவீதக் கரைந்த திடப்பொருள். இந்த அளவு இரண்டையும் தாண்டிவிடும். தேயிலை போட்டால் அது சேர்மானப் பட்டியலில் வரவேண்டும்.

சூடாக்குவதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். ஊட்டி உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே ‘நன்றாகக் கொதித்தது’ என்பது அளவுகோல் ஆகாது. வெப்பமானி வைத்து, பானம் 85 டிகிரியில் இருக்கும்போதே சூடான கண்ணாடி பாட்டிலில் நிரப்பி, மூடி, மூன்று நிமிடம் கவிழ்த்து வையுங்கள். உயிரோடு தப்பிய ஈஸ்ட் கொஞ்சம் இருந்தால் போதும். ஒரு லிட்டரில் சுமார் 17 கிராம் சர்க்கரை புளித்தால் ஒரு சதவீத ஆல்கஹால். அரை சதவீதத்துக்கு எட்டரை கிராம், அதாவது இரண்டு டீஸ்பூன் சர்க்கரை! கோத்தகிரிக் குளிரில் ஒரு மாதம் சும்மா இருந்த பாட்டில், வாங்கியவர் காரில் மேட்டுப்பாளையம் இறங்கியதும் விழித்துக்கொள்ளும். மூடியைத் திறந்தால் சோடா மாதிரி சீறும், இல்லையேல் வெடிக்கும். காயம் பட்டவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவார். மாதிரி எடுத்தால் ஆல்கஹாலும் அகப்படும். ஒவ்வொரு தொகுப்பிலும் சில பாட்டில்களைச் சமவெளி வெயிலில் யாராவது உறவினர் வீட்டில் வைத்துப் பார்ப்பது மலிவான காப்பீடு.

லேபிளில் ‘ஒயின்’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். உணவு ஒழுங்குமுறையில் ஒயின் என்றால் புளிக்கவைத்த மதுபானம். புளிக்காத சாற்றுக்கு அந்தப் பெயர் வைத்தால் தவறான முத்திரையிட்ட உணவு என்பார்கள். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006-ன் 52-ஆம் பிரிவில் 3 லட்சம் ரூபாய் வரை அபராதம். ‘பிளம் பழச்சாறு பானம்’ என்று எழுதுங்கள். சுவையைப் பற்றிச் சொல்ல வேண்டியதைக் கடையில் வாயால் சொல்லிக்கொள்ளலாம். பாதுகாப்புக்குச் சல்பைட் சேர்த்து அது கிலோவுக்கு 10 மில்லிகிராமோ மேலோ இருந்தால் ஒவ்வாமை அறிவிப்பில் போட வேண்டும். பாட்டில் கண்ணாடியாகவே இருக்கட்டும். நீலகிரியின் பிளாஸ்டிக் கட்டுப்பாடு உங்களுக்குத் தெரியாததல்ல.

உணவுப் பாதுகாப்புப் பதிவோ உரிமமோ ஆணையத்தின் ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். எது என்பதை உங்கள் ஆண்டு விற்பனை தீர்மானிக்கும். தயாரிக்கும் வீட்டுக்கு ஒன்று, கொழுந்தனாரின் கடைக்கு இன்னொன்று. பொட்டலப் பொருள் விதிகள், 2011-ன் 27-ஆவது விதிப்படி பாட்டில் அடைக்கத் தொடங்கிய 90 நாளுக்குள் சட்டமுறை எடையளவுத் துறையிலும் பதிய வேண்டும்.

வரியில் ஒரு பள்ளம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் பழச்சாறு சார்ந்த பானத்துக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதிலேயே வாயு ஏற்றி ‘ஸ்பார்க்ளிங்’ ஆக்கினால் 40 சதவீதம். குமிழி வேண்டாம். பெங்களூருக்கோ கோழிக்கோட்டுக்கோ கூரியரில் அனுப்பினால், விற்பனை எவ்வளவு சிறியதானாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். கடைக்கு வந்து வாங்கிப் போகிறவருக்கு அந்தச் சிக்கல் இல்லை.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் மாதிரி எடுத்தால் அதை நான்கு பங்காக்குவார். ஒரு பங்கை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பும்படி அப்போதே எழுத்தில் கேளுங்கள். அறிக்கை பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

ஏற்கெனவே ஜாடியில் போட்டிருந்தால் அதைக் கடைக்கு அனுப்பாதீர்கள், வண்டியில் ஏற்றவும் வேண்டாம். கொண்டுபோன வண்டியும் பறிமுதலாகும். கடை வாசலில் ‘ஹோம்மேட் ஒயின்’ என்று பலகை எழுதி வைத்திருந்தால், கொழுந்தனாரிடம் சொல்லி இன்றைக்கே கழற்றச் சொல்லுங்கள்.