காதலன் போட்ட சங்கிலி திருட்டு நகை ஆகுமா?

கேள்வி: பேரணாம்பட்டில் ஒரு டேனரியில் (தோல் பதனிடும் ஆலை) வேலை செய்கிறேன். வயது 26. முதலாளி மகனும் நானும் மூன்று வருடமாகக் காதலிக்கிறோம். என் பிறந்தநாளுக்கு மூன்று பவுன் சங்கிலி போட்டான். விஷயம் தெரிந்துபோய் அவன் அப்பா, "நான்தான் எடுத்தேன்னு எழுதிக் கொடுத்துட்டு ஊரை விட்டுப் போ, இல்லேன்னா திருட்டு கேஸ்" என்கிறார். எழுதிக் கொடுத்துவிடலாமா? உறவைச் சொன்னால் அதற்கும் கேஸ் வருமா?

பதில்: எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள் தம்பி. வெற்றுத்தாளில் கையெழுத்தும் வேண்டாம்.

உறவுக்குக் கேஸ் வராது. ஆணும் ஆணுமாக இருந்தாலும், வயது வந்த இருவர் மனமொத்துப் பழகுவது குற்றமில்லை என்று 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 ஜூலையில் ஐபிசிக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், அந்த உறவைக் குற்றமாக்கிய பழைய 377 பிரிவே கிடையாது. நீங்கள் மறைக்கத் துடிக்கிற அந்த உறவுதான் இந்தக் கேஸில் உங்கள் பதில். உடையவன் சம்மதமில்லாமல் எடுத்தால்தான் திருட்டு. இங்கே அவனே கழுத்தில் போட்டிருக்கிறான். நகையைப் பரிசாகக் கொடுக்கப் பத்திரம் தேவையில்லை, கையில் கொடுத்தாலே போதும்.

ஒரு சிக்கல் உண்டு. பில் யார் பேரில்? அவன் தன் பணத்தில் வாங்கியிருந்தால் கவலையில்லை. அம்மா பீரோவிலிருந்து எடுத்து வந்திருந்தால், தன்னுடையது அல்லாததை அவன் கொடுக்க முடியாது. அது தெரியாமல் வாங்கிய நீங்கள் திருடன் ஆகமாட்டீர்கள், ஆனால் சங்கிலி திரும்பப் போக வேண்டியதுதான். இதை அவனிடம் இன்றே கேளுங்கள்.

வேலைக்காரன் திருட்டு என்று எழுதினாலும் உச்சபட்சம் 7 வருடம். இத்தகைய வழக்கில் பொதுவாக முதலில் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ்தான் தர வேண்டும். வந்தால் அலட்சியம் செய்யாதீர்கள். பயமாக இருந்தால் வேலூர் சத்துவாச்சாரி செஷன்ஸ் கோர்ட்டில் முன்ஜாமீன் கேட்கலாம். ஆலைத் தொழிலாளிக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு, 15100க்கு அழையுங்கள். வாட்ஸ்அப் அரட்டையை, வெட்கப்பட்டு, அழித்துவிடாதீர்கள். முதலாளியின் மிரட்டலே தனிக் குற்றம், அதற்கும் புகார் கொடுக்கலாம்.

அவனை வீட்டில் அடைத்து வைத்தால், அவனைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் ஆட்கொணர்வு மனு போடலாம். 2025 மே மாதம், குடும்பம் அடைத்து வைத்த 25 வயதுப் பெண்ணை அவள் தோழியுடன் போகலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் அனுப்பியது. அதில் எதிர்மனுதாரர் நம் வேலூர் எஸ்பி. கல்யாணம் பதிய மட்டும் இன்னும் வழியில்லை, 2023 உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு அது நிற்கிறது.

அப்புறம், போலீஸ் சங்கிலியைக் கேட்டால் மகஜர் (பறிமுதல் செய்ததற்கான எழுத்துப் பதிவு) எழுதி நகல் கையில் வராமல் கழற்றிக் கொடுக்காதீர்கள்.