மலரில் போடக்கூடிய மேற்கோள்கள்

வணக்கம்.

எங்கள் கீதை வகுப்பின் ஆண்டு மலருக்கு ‘மேலைநாட்டு அறிஞர்கள் பார்வையில் நம் நூல்கள்’ என்று ஒரு பக்கம் தயாரிக்கிறேன். ஐன்ஸ்டீன், ஹைசன்பர்க், ஓப்பன்ஹைமர், ஷோப்பன்ஹவர், வால்டேர் ஆகியோரின் மேற்கோள்கள் வாட்ஸப்பில் கிடைத்தன. அப்படியே போடலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

முதல் இரண்டையும் எடுத்துவிடுங்கள். கீதையைப் படித்தபின் மற்றதெல்லாம் அற்பமாகத் தெரிகிறது என்று ஐன்ஸ்டீன் சொன்னதாகச் சுற்றும் வரிக்கு, அவர் நூலிலோ கடிதத்திலோ யாரும் இடம் காட்டியதில்லை. வேதாந்தம் படித்தவருக்குக் குவாண்டம் இயற்பியல் விநோதமாகப் படாது என்கிற ஹைசன்பர்க் வரியும் அதே ரகம். இயற்பியலாளர் ஒருவர் வேண்டுமென்றால் ஷ்ரோடிங்கர் இருக்கிறார். 1944இல் வந்த ‘உயிர் என்றால் என்ன?’ நூலின் பின்னுரையில் ஆன்மாவும் பிரம்மமும் ஒன்றே என்னும் உபநிடதக் கருத்தை அவரே எடுத்துப் பேசுகிறார். பக்க எண்ணோடு போடலாம்.

அணுகுண்டை உருவாக்கிய ஆய்வகத்தின் தலைவர் ஓப்பன்ஹைமர், அமெரிக்காவின் பெர்க்லியில் ஆர்தர் ரைடரிடம் சமஸ்கிருதம் படித்தவர். கீதையை மூலத்திலேயே வாசித்தார். ஆனால் ‘உலகங்களை அழிக்கும் மரணமானேன்’ என்ற கீதை வரியை ‘அணுகுண்டு வெடித்ததும் முழங்கினார்’ என்று எழுதாதீர்கள். நாம் பார்க்கும் அந்தக் காட்சி 1965ஆம் ஆண்டுத் தொலைக்காட்சிப் படம். இருபது ஆண்டு கழித்து, குண்டு வெடித்தபோது அந்த வரி நினைவுக்கு வந்தது என்கிறார், அவ்வளவுதான்.

உபநிடதம் தன் வாழ்வுக்கு ஆறுதல், சாவுக்கும் அதுவே ஆறுதல் என்று ஜெர்மன் தத்துவஞானி ஷோப்பன்ஹவர் எழுதியது உண்மை. 1851இல் வந்த ‘பரெர்கா’ என்ற கட்டுரை நூலின் இரண்டாம் தொகுதியில் இருக்கிறது. ஆனால் அவர் கையில் இருந்தது எது? முகலாய இளவரசர் தாரா ஷுகோ 1657இல் காசிப் பண்டிதர்களைக் கொண்டு ஐம்பது உபநிடதங்களைப் பாரசீகத்தில் ஆக்கினார். அதிலிருந்து பிரெஞ்சு அறிஞர் ஆங்க்தில் துப்பெரோன் செய்த லத்தீன் பெயர்ப்பு 1801-02இல் அச்சானது. பாரசீகத்திலேயே உரைப்பகுதிகள் மூலத்தோடு கலந்துவிட்டன. இதில் வேடிக்கை, பிறகு சமஸ்கிருதத்திலிருந்து நேரடியாக வந்த பெயர்ப்புகளை அவர் மதிக்கவில்லை. அந்த லத்தீனையே நம்பினார். மேற்கோளுக்குக் கீழே இந்த வழியையும் இரண்டு வரியில் தாருங்கள்.

யஜுர் வேதத்தைப் புகழும் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேரின் வரியை அப்படியே போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். அவர் கொண்டாடிய ‘எசூர்வேதம்’ யஜுர் வேதமே அல்ல. கிறித்தவப் பாதிரியார்கள் மதம் பரப்ப எழுதிய நூல். 1760இல் அதன் பிரதி வால்டேர் கைக்கு வந்தது. அலெக்சாந்தருக்கும் முந்தியது என்று நம்பி, மறு ஆண்டே பிரெஞ்சு அரச நூலகத்தில் சேர்த்தார். திருச்சபையை அடிக்க அவருக்கு ஒரு பழைய நூல் தேவைப்பட்டது, பாதிரியார்கள் எழுதியதே அதற்குக் கிடைத்தது. 1782இல் பிரெஞ்சுப் பயணி சொனெரா இது வேதமல்ல என்றார். பின்னர் புதுச்சேரியில் இருந்த கைப்பிரதிகளைப் பார்த்து விரிவாக நிறுவியவர் எல்லிஸ், திருக்குறளை மொழிபெயர்த்த அதே எல்லிஸ். அவர் கட்டுரை 1822இல், மறைவுக்குப் பின், அச்சேறியது.

இனி வரும் மேற்கோள்களுக்கு நூல், ஆண்டு, பதிப்பு மூன்றையும் கேளுங்கள். இல்லையென்றால் ஒதுக்குங்கள். ஜெர்மன்காரர் சொன்னதென்றால் ஜெர்மன் வரி கிடைக்கிறதா என்று தேடுங்கள்; ஆங்கிலத்தில் மட்டுமே உலவுகிறது என்றால் சந்தேகம் கூட வேண்டும். கிடைத்தால் முன்பின் பத்திகளையும் படியுங்கள். பல நேரம் பாராட்டுக்கு அடுத்த வரியிலேயே குட்டு இருக்கும்.

பக்கத்தில் இடம் மிஞ்சினால் ஜெர்மன் தத்துவஞானி ஹெகலைச் சேர்க்கலாம். மொழியறிஞர் வில்ஹெல்ம் ஹம்போல்ட் பெர்லினில் கீதையைப் போற்றி ஆற்றிய உரைகளுக்கு 1827இல் ஹெகல் எழுதிய மதிப்புரை கடுமையானது. உங்கள் வகுப்பில் விவாதிக்க இந்தப் பாராட்டுகளைவிட அதில் நிறைய இருக்கிறது.