வாசகர் கேள்வி – பதில்: தடுமாறும் அணிக்கு நாற்பது வயது குவார்ட்டர்பேக் தேவையா?

கேள்வி: என் மகளும் மருமகனும் நியூ ஜெர்சியில் வசிக்கிறார்கள். அங்கு சென்றிருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் மருமகனோடு அமர்ந்து அமெரிக்கக் கால்பந்து பார்க்கத் தொடங்கினேன். ஊர் திரும்பிய பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. அவர் ஆதரிக்கும் நியூயார்க் ஜெட்ஸ் அணி ஆண்டுதோறும் தோற்கிறது. நல்ல குவார்ட்டர்பேக் இல்லாத அணி, பேர்பெற்ற மூத்த ஆட்டக்காரர் ஒருவரை எப்பாடுபட்டாவது அழைத்து வர வேண்டும், டாம் பிரேடியை அழைத்து வந்த டாம்பா அணி கோப்பையையே வென்றதே என்பது அவர் வாதம். இளைஞர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து வளர்ப்பதே முறை என்பது என் கட்சி. யார் சொல்வது சரி?
— வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் மருமகன் காட்டும் உதாரணம் உண்மையானது, ஆனால் அது அவர் வாதத்துக்கு உதவாது. இந்த விளையாட்டைப் பார்த்திராத வாசகர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கால்பந்தில் தாக்கும் அணியின் ஏறக்குறைய ஒவ்வொரு நகர்வும் குவார்ட்டர்பேக்கின் கையில்தான் தொடங்குகிறது. எதிரணி எப்படி நிற்கிறது என்று கணித்து, பந்தை யாருக்கு எறிவது, யாரிடம் கொடுத்து ஓடச் சொல்வது என்பதைச் சில நொடிகளில் முடிவு செய்பவர் அவர். அதனால்தான் தோற்கும் அணிகளுக்கெல்லாம், இந்த ஓர் இடம் சரியானால் எல்லாம் சரியாகிவிடும் என்ற ஆசை வருகிறது.

2019ஆம் ஆண்டு டாம்பா பே அணி 7 ஆட்டங்களில் வென்று 9 ஆட்டங்களில் தோற்றது. எண்களை மட்டும் பார்த்தால் அது தடுமாறும் அணிதான். ஆனால் அவ்வாண்டு அதன் குவார்ட்டர்பேக் ஜேமிஸ் வின்ஸ்டன் 33 டச்டவுன்களுக்குப் (எதிரணியின் கடைசி எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி பெறுவது) பந்தை எறிந்ததோடு, 30 முறை எதிரணியினர் கையில் பந்தைக் கொடுத்தும் இருந்தார். பந்தைப் பிடிக்க மைக் எவன்ஸ், கிறிஸ் காட்வின் என்று இரண்டு சிறந்த ஆட்டக்காரர்கள் இருந்தார்கள், தடுப்பாட்டம் முதிர்ந்துகொண்டிருந்தது. 2020இல் பிரேடி வந்த அதே ஆண்டு, குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசையைப் பலப்படுத்த, புதிய ஆட்டக்காரர்களுக்கான தேர்வின் முதல் சுற்றிலேயே டிரிஸ்டன் வெர்ஃப்ஸை எடுத்தார்கள். அங்கே குறை ஓர் இடத்தில்தான் இருந்தது. 43 வயதில் பிரேடி அதை நிரப்பினார். 2021 பிப்ரவரியில் கான்சஸ் சிட்டியை 31–9 என்று வென்று கோப்பையும் வந்தது.

டென்வர் கதையும் இதுவே. கழுத்து அறுவை சிகிச்சைகளால் 2011 முழுவதும் ஆடாமலிருந்த பெய்ட்டன் மேனிங்கை, இண்டியானாபொலிஸ் விடுவித்த பிறகு, 2012இல் டென்வர் எடுத்துக்கொண்டபோது அவருக்கு 36 வயது நிறையச் சில நாட்களே இருந்தன. அதற்கு முந்தைய ஆண்டே டென்வர் தன் பிரிவில் முதலிடம் பெற்று, பிளே-ஆஃபில் (பருவ இறுதியின் வெளியேற்றச் சுற்று) ஓர் ஆட்டத்தையும் வென்றிருந்தது. மேனிங் வந்ததும் 13 வெற்றி, 3 தோல்வி. அடுத்த ஆண்டு 55 டச்டவுன்கள் என்ற சாதனை. 2015 பருவத்தில் அவர் கை தளர்ந்து, 9 டச்டவுன்களுக்கு எதிராக 17 முறை பந்தைப் பறிகொடுத்தார். இருந்தும் அவ்வாண்டுதான் டென்வர் சூப்பர் பவுல் என்னும் இறுதியாட்டத்தை வென்றது. வென்று கொடுத்தது வான் மில்லர் தலைமையிலான தடுப்பாட்டம் என்பதை அந்த ஆட்டத்தைப் பார்த்தவர் எவரும் மறுக்கமாட்டார்.

நம் பகுதிக்காரருக்கு இதை விளக்குவது எளிது. மேட்டூரில் எவ்வளவு தண்ணீர் திறந்தாலும், கல்லணைக் கால்வாயும் கிளை வாய்க்கால்களும் தூர்வாரப்படாமல் கிடந்தால் பேராவூரணிக் கடைமடை வயல் காய்ந்துதான் கிடக்கும். முன்வரிசை நொறுங்கும் அணியில், பந்தைப் பிடிக்க ஆளில்லாத அணியில், எந்த மேதையை நிறுத்தினாலும் அவர் தரையில் விழுந்துதான் கிடப்பார். நாற்பது வயதில் விழுந்தால் எழுவதும் கடினம்.

இப்போது ஜெட்ஸுக்கு வருகிறேன். 2023இல் 39 வயது ஆரன் ராட்ஜர்ஸை அவர்கள் கொண்டுவந்ததை நான் முட்டாள்தனம் என்று சொல்லமாட்டேன். முந்தைய ஆண்டு 7–10 (7 வெற்றி, 10 தோல்வி) என்று முடித்திருந்தாலும், தடுப்பாட்டம் லீக்கின் சிறந்தவற்றுள் ஒன்று. அந்த ஆண்டின் சிறந்த புதுமுக விருதுகள் இரண்டையும், தாக்குதலில் காரெட் வில்சனும் தடுப்பில் சாஸ் கார்ட்னருமாக, ஜெட்ஸ் ஆட்டக்காரர்களே பெற்றிருந்தார்கள். டாம்பாவின் கணக்கைப் போலவே தோன்றியது; முன்வரிசை ஒன்றுதான் இடறியது. செப்டம்பர் 11 அன்று, தம் முதல் ஆட்டத்தின் நான்காவது நகர்விலேயே ராட்ஜர்ஸின் இடது குதிகால் தசைநாண் அறுந்தது, பருவம் முடிந்தது. அதைத் துரதிர்ஷ்டம் என்று விடலாம். ஆனால் 2024இல் அவர் 17 ஆட்டங்களிலும் ஆடினார், 28 டச்டவுன்கள் எறிந்தார், அணியோ 5–12 என்று இன்னும் கீழே போனது. ஐந்து ஆட்டங்கள் முடிந்ததுமே பயிற்சியாளர் ராபர்ட் சாலே நீக்கப்பட்டார். அதற்குத் துரதிர்ஷ்டம் காரணமல்ல. இதே ஜெட்ஸ் 2008இல் பிரெட் ஃபார்வை அழைத்து வந்து, 8–3 என்று தொடங்கி, கடைசி ஐந்தில் நான்கைத் தோற்று வெளியேறிய அணி என்பதையும் மருமகனுக்கு நினைவூட்டுங்கள். மாமனார் என்ற உரிமையில் சற்றே மென்மையாக.

ஆகவே உங்கள் பக்கம்தான் நான் சாய்கிறேன், ஒரு திருத்தத்தோடு: குவார்ட்டர்பேக் இடம் தவிர மற்றவை நிறைந்திருக்கும் அணி மூத்தவரைத் தேடிப் போகலாம், மற்ற அணிகள் போகக்கூடாது.

கேள்வி: 2018இல் சென்னை சூப்பர் கிங்ஸை 'அப்பாக்கள் அணி' என்று கேலி செய்தவர்கள் வாயடைத்துப் போனார்களே? அனுபவத்துக்கு விலையில்லையா?
— வாசகி, மன்னார்குடி

பதில்: இருக்கிறது, அம்மா. இறுதியாட்டத்தில் 36 வயது ஷேன் வாட்சன் 57 பந்துகளில் ஆட்டமிழக்காமல் அடித்த 117 ரன்களை நானும் மறக்கவில்லை. ஆனால் அது இரண்டாண்டுத் தடைக்குப் பின் ஏலத்தில் புதிதாகக் கட்டிய அணி. ஒவ்வோர் இடத்துக்கும் ஆள் பார்த்து எடுத்திருந்தார்கள். அதே அணி 2025இல், 43 வயது தோனி இருக்க, முதன்முறையாகப் பட்டியலில் கடைசியில் முடித்தது. பருவத்தின் நடுவில் 17 வயது ஆயுஷ் மாத்ரேயைக் கொண்டுவந்த பிறகுதான் மட்டையாட்டத்தில் கொஞ்சம் உயிர் தெரிந்தது. இன்னொன்றும் உண்டு: கிரிக்கெட்டில் மட்டை பிடிப்பவர் மீது நூற்றிருபது கிலோ எடையுள்ள ஒருவர் ஓடி வந்து விழுவதில்லை.

கேள்வி: மூத்தவரை எடுத்து ஓராண்டு பார்த்துவிட்டு, சரிவராவிட்டால் அனுப்பிவிடலாமே? அதில் அணிக்கு என்ன நட்டம்?
— கல்லூரி மாணவர், திருத்துறைப்பூண்டி

பதில்: குறைந்த சம்பளத்தில், ஓராண்டு ஒப்பந்தத்தில், பதிலுக்கு எதையும் கொடுக்காமல் எடுத்தால் நட்டம் குறைவுதான். 2023 நவம்பரில் கிளீவ்லேண்ட் அப்படித்தான் 38 வயது ஜோ ஃப்ளாக்கோவை எடுத்தது. அவர் தொடங்கிய ஐந்து ஆட்டங்களில் நான்கை வென்று அணியைப் பிளே-ஆஃபுக்குக் கொண்டுசென்றார். அந்த அணியிலும் தடுப்பாட்டம் முன்பே வலுவாக இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் பேர்பெற்றவர்கள் பெரும்பாலும் அந்த விலைக்கு வருவதில்லை. இந்த லீக்கில் ஒவ்வோர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு. 2024இல் அது 25.54 கோடி டாலர். ஒருவருக்கு அதிகம் கொடுத்தால் முன்வரிசைக்கும் தடுப்பாட்டத்துக்கும் கொடுக்கப் பணமிருக்காது. புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் மோசமாக ஆடிய அணிக்கே முதல் வாய்ப்பு. அந்த வாய்ப்புகளைக் கொடுத்து மூத்தவரை வாங்கினால் நாளைய ஆட்டக்காரரும் போய்விடுகிறார். டென்வரே இதற்குச் சாட்சி. 2022இல் ரஸல் வில்சனுக்காக இரண்டு முதல் சுற்று வாய்ப்புகள், இரண்டு இரண்டாம் சுற்று வாய்ப்புகள், மூன்று ஆட்டக்காரர்கள் எனக் கொடுத்தது. அவருக்கு அப்போது வயது 33தான். அந்த ஆண்டு 5–12. 2024 மார்ச்சில் அவரை விடுவித்தபோது, அணியில் இல்லாத அவருக்காக ஏறத்தாழ 8.5 கோடி டாலர் இரண்டு ஆண்டுகளின் சம்பளக் கணக்கில் ஏறியது. அதே ஆண்டு டிராஃப்டில் எடுத்த இளைஞர் போ நிக்ஸ், முதல் பருவத்திலேயே அணியைப் பிளே-ஆஃபுக்குக் கொண்டுசென்றார்.

கேள்வி: மூத்தவர் கோப்பை வாங்கித் தராவிட்டாலும் இளைஞருக்குச் சொல்லிக் கொடுப்பாரே?
— வாசகர், மயிலாடுதுறை

பதில்: நம்மூர் நாதசுர வித்துவானிடம் குருகுலமாக இருந்தது போல எல்லோரும் கற்றுக்கொள்வார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். 2017இல் கான்சஸ் சிட்டியில் 33 வயது அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் ஓராண்டு அமர்ந்திருந்த பேட்ரிக் மஹோம்ஸ், தாம் அவரிடம் கற்றதைப் பலமுறை நன்றியோடு சொல்லியிருக்கிறார். அதற்கு முன் கிரீன் பேயில், 2005இல் தேர்வான ராட்ஜர்ஸ் மூன்றாண்டுகள் ஃபார்வுக்குப் பின்னால் அமர்ந்திருந்தார். அங்கே அந்த நெருக்கம் இருந்ததாக யாரும் சொல்வதில்லை. கான்சஸ் சிட்டி அப்போது வென்றுகொண்டிருந்த அணி என்பதையும் மறந்துவிடாதீர்கள். மூத்தவரும் தோற்று, பயிற்சியாளரும் நடுவில் நீக்கப்படும் அணியில், ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் இளைஞர் எதைக் கற்பார்? அப்படிப்பட்ட அணி ஆசானைத் தேடுவதாக இருந்தால், நல்ல குவார்ட்டர்பேக் பயிற்சியாளர் ஒருவரைத் தேடட்டும். அவர் சம்பளம் ஆட்டக்காரர்களின் உச்சவரம்புக் கணக்கில் சேராது.