நார்க்கழிவு, தோகை, ஆட்டுக்கிடை: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஐயா, பொள்ளாச்சிப் பக்கம் கயிறு ஆலையில் தென்னை நார்க்கழிவு சும்மாவே கிடைத்தது. இரண்டு டிராக்டர் கொண்டுவந்து தக்காளிக்குப் போட்டேன். செடியெல்லாம் மஞ்சளாகிவிட்டது. ஏன்?

பதில்: மட்க வைக்காமல் போட்டதுதான் காரணம். பச்சை நார்க்கழிவில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) 112 பங்கு கரிமம் (கார்பன்) இருக்கிறது. அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் தங்களுக்கான தழைச்சத்தை உங்கள் மண்ணிலிருந்தே உறிஞ்சிக்கொள்ளும். செடி பட்டினி கிடக்கும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் முறை எளிது. ஒரு டன் கழிவுக்கு 5 கிலோ யூரியா, சிப்பிக்காளான் வித்து 5 புட்டி. நிழலில் ஓர் அடுக்குக் கழிவு பரப்பி மேலே வித்து, அடுத்த அடுக்கின் மேல் யூரியா என்று மாற்றி மாற்றி ஒரு மீட்டர் உயரம்வரை அடுக்குங்கள். ஈரம் மட்டும் காயக்கூடாது. 60 நாளில் கறுத்து, உயரமும் இறங்கும். அந்த 112 ஏறக்குறைய 24 ஆகிவிடும். ஆலையோரம் மலையாகக் குவிந்து, மழைக்குச் சிவப்பாகக் கரைந்தோடுகிறதே, அதே பொருள்தான். மானாவாரி நிலத்தில் ஈரம் பிடித்துவைக்க இதற்கு ஈடாக வேறொன்றை நான் பார்த்ததில்லை. மஞ்சளான செடிகளுக்கு இப்போதைக்குக் கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து ஊற்றுங்கள்.

கேள்வி: யூரியா வேண்டாம் என்றால்?

பதில்: புதுக் கோழி எரு கலக்கலாம். தழைச்சத்து ஏதோ ஒரு வழியில் உள்ளே போகவேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: கரும்புத் தோகையை எரித்தால்தான் மறுதாம்பு (வெட்டிய கட்டையிலிருந்து வரும் அடுத்த பயிர்) நன்றாகத் துளிர்க்கும் என்கிறார்களே?

பதில்: தயவுசெய்து எரிக்காதீர்கள். தழைச்சத்தும் கந்தகமும் புகையோடு போய்விடும். ஒரு சால் விட்டு ஒரு சாலில் தோகையைப் பரப்பி, மற்றச் சாலில் தண்ணீர் கட்டுங்கள். ஆள் கூலி கூடும், உண்மைதான். ஆனால் களை குறையும், மண்ணும் சீக்கிரம் காயாது.

கேள்வி: தஞ்சாவூர்ப் பக்கம் அறுவடை முடிந்ததும் ராமநாதபுரத்துக் கீதாரிகள் (ஆட்டு மந்தைக்காரர்கள்) வந்து கிடை போடுகிறார்கள், அதாவது ராத்திரி வயலில் ஆடுகளைப் பட்டியில் அடைக்கிறார்கள். கொடுக்கிற காசுக்குப் பலன் உண்டா அண்ணா?

பதில்: நிச்சயம் உண்டு. 'ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்' என்று பெரியவர்கள் சொன்னது சரிதான். உங்கள் வயலின் தாளையும் களையையும் தின்று, உங்கள் வயலுக்கே எருவாகத் தருகிற வேலை அது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: புழுக்கையைவிட மூத்திரத்துச் சத்துதான் பயிருக்குச் சீக்கிரம் கிடைக்கும், வெயில் பட்டால் சீக்கிரம் பறப்பதும் அதுதான். பட்டியை நகர்த்திய மறுநாளே அந்த இடத்தை மேலாக உழுதுவிடுங்கள். பத்து நாள் கழித்து உழுதுவிட்டு, கிடையில் பலன் இல்லை என்பவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

கேள்வி: இரண்டு மாடுதான் இருக்கிறது. சாண எரிவாயுக் கலன் கட்டலாமா?

பதில்: 1 கன மீட்டர் கலனுக்கு நாளொன்றுக்கு 25 கிலோ அளவில் சாணம் வேண்டும். இரண்டும் கட்டுத்தறியிலேயே நின்றால் ஓரளவு சமாளிக்கலாம். மேய்ச்சலுக்குப் போனால் பற்றாது. அதற்குமேல் பெரிதாகக் கட்டாதீர்கள். வாயு அடுப்புக்குப் போனாலும் தழைச்சத்து வெளியே வரும் கரைசலில்தான் தங்கும். அதைச் சாக்கடைக்கு விடாமல் வாய்க்காலில் பாசன நீரோடு கலந்துவிடுங்கள்.