சிங்கப்பூர்ல 'நம்ம ஆளுங்க ஏரியா' எங்க இருக்கு?

தம்பி, ஈசூன்ல வாடகைக்கு வந்து ஒரு மாசம் ஆகுதுன்னு எழுதியிருந்தீங்க. பக்கத்துல வயசான சீனத் தம்பதி, எதிர்ல மலாய்க் குடும்பம். சாயந்தரமானா கீழே காகிதம் கொளுத்துறாங்க, புகை மேல வருது, உங்க சம்சாரம் பயந்து கதவையே திறக்கிறதில்ல. நம்ம ஆளுங்க இருக்கிற பக்கம் மாறிடலாமான்னு கேக்குறீங்க.

அப்படி ஒரு பக்கம் இங்க கிடையாது. லிட்டில் இந்தியான்னு சொல்ற தேக்காவுல இருக்கிற வீவக (அரசு கட்டின அடுக்குமாடி) வீட்டுக்கும் இதே கணக்குதான். 1989ல இன ஒருங்கிணைப்புக் கொள்கைன்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க. இப்போ ஒரு புளோக்ல, அதாவது ஒரு அடுக்குமாடிக் கட்டடத்துல, சீனர் 87 சதவீதம், மலாய்க்காரர் 25, இந்தியரும் மத்தவங்களும் சேர்ந்து 15, அதுக்கு மேல வீடு வாங்க முடியாது. இதுல நம்மவங்களுக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. சீனர் வரம்பு நிரம்பின புளோக்ல இந்தியர் தன் வீட்டைச் சீனருக்கு விக்க முடியாது. வாங்க ஆள் குறைஞ்சா விலையும் இறங்கத்தானே செய்யும்? இருந்தாலும் எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்கும். இது இல்லைன்னா நீங்களும் நானும் நேரா நம்ம ஆளுங்க மத்தியிலதான் போய் உக்காந்திருப்போம்.

புகை விஷயத்துக்கு வர்றேன். நீங்க வந்திருக்கிறது சீனர்களோட ஏழாம் மாசத்துல. செத்துப்போனவங்க இந்த மாசம் வீட்டைத் தேடி வருவாங்கன்னு நம்பிக்கை. காகிதப் பணம், காகிதச் சட்டை, காகிதக் கைப்பேசி எல்லாம் எரிச்சு அனுப்புறாங்க. எங்க புளோக்ல ஒரு கிழவர் புல்வெளி ஓரத்துல சர்க்கரை போடாத கோப்பி ஒரு கப் வெச்சு, பக்கத்துல ஒரு சிகரெட்டைப் பத்தவெச்சு மண்ணுல குத்திட்டு, அது முழுசா எரியிற வரைக்கும் குந்தியிருப்பார். யாருக்கு அங்கிள்னு கேட்டா, அப்பாவுக்குன்னார். இந்த மாசம் திறந்தவெளி மேடையில பாட்டுக் கச்சேரி நடக்கும், கெட்டாய்னு பேரு. முதல் வரிசை நாற்காலி காலியா இருக்கேன்னு போய் உக்காந்துடாதீங்க, அது செத்தவங்களுக்கு. புல்தரையில படையல் இருந்தா சுத்திப் போங்க, அது போதும்.

புகார் பண்ணலாமான்னும் கேட்டிருந்தீங்க. 2011ல ஒரு செய்தி வந்துச்சு. சீனாவுலேருந்து குடியேறின ஒரு குடும்பம், பக்கத்து இந்திய வீட்டுக் கறி (இங்க மசாலாக் குழம்பைக் கறிம்பாங்க) வாசனை தாங்கலைன்னு புகார் பண்ணி, அது சமரசப் பேச்சு வரைக்கும் போயிருக்கு. சீனக் குடும்பம் வீட்டுல இல்லாத நேரத்துல மட்டும் கறி சமைக்கிறதுன்னு இந்தியக் குடும்பம் ஒத்துக்கிச்சு, அவங்களும் ஒருதடவை சாப்பிட்டுப் பாக்குறோம்னாங்க. சேதி தெரிஞ்சதும் ஊரே கொதிச்சுது. ஆகஸ்ட் 21, ஞாயித்துக்கிழமை எல்லாரும் கறி சமைப்போம்னு ஃபேஸ்புக்ல அழைப்பு, பல்லாயிரம் பேர் வர்றோம்னாங்க. சீன வீட்டு அடுப்புலயும் அன்னிக்குக் கறிதான்.

இதை வெச்சு இங்க எல்லாம் தேனும் பாலுமா ஓடுதுன்னு நினைச்சுடாதீங்க. அடுத்த வீடு தேடும்போது "இந்தியர் வேண்டாம்", "சமைக்கக் கூடாது"ன்னு விளம்பரம் பாப்பீங்க. வயிறு எரியும். ஆனா நம்மவங்க ரூம்ல ஒருநாள் காதைத் தீட்டிவெச்சுக் கேளுங்க. "ஊர்ல எந்தத் தெரு?"ன்னு கேட்டுச் சாதியை மோப்பம் பிடிக்கிறது, எம்ஆர்டி ரயில்ல பங்களாதேஷ் தொழிலாளி பக்கத்துல உக்காந்தா எழுந்து நின்னுக்கிறது, சீனன் எதையும் தின்பான்னு சிரிக்கிறது. இங்கேயே பொறந்த தமிழர்கள் நம்மளைப் பத்திப் பேசுறதும், நாம அவங்க தமிழைக் கிண்டலடிக்கிறதும் தனிக்கதை. இதெல்லாம் இங்க வந்து கத்துக்கிட்டதில்ல, பெட்டியோட வந்தது.

உங்க சம்சாரத்தை ஒரு ஞாயித்துக்கிழமை வாட்டர்லூ ஸ்ட்ரீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. சீனர்கள் கும்பிடுற கருணைத் தெய்வம் குவான் இம் கோயிலும் கிருஷ்ணன் கோயிலும் பக்கத்துப் பக்கத்துல. குவான் இம்மைக் கும்பிட்டு வர்ற சீன ஆன்ட்டிங்க அதே கையோட கிருஷ்ணன் வாசல்லயும் ஊதுபத்தி ஏத்துவாங்க. குவான் இம்மைக் கும்பிடறவங்கள்ல நிறையப் பேர் மாட்டிறைச்சி தொடமாட்டாங்க, சிலர் அமாவாசை பௌர்ணமிக்குச் சைவம். பேச்சை ஆரம்பிக்க இதுவே போதும். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டிக்கு இங்கிலீஷ் வராம இருக்கலாம், தலையாட்டிச் சிரிச்சா பதிலுக்குச் சிரிப்பாங்க. எதிர்வீட்டு மலாய் அம்மாவை மக்சிக்னு (மலாய்ல ஆன்ட்டி மாதிரி) கூப்பிடச் சொல்லுங்க. தீபாவளிக்கு அவங்களுக்கு ஹலால் முத்திரை உள்ள பாக்கெட் முறுக்கா வாங்கிக் குடுத்தா, சாப்பிடலாமா கூடாதான்னு அவங்க நெளிய வேண்டியிருக்காது. உணவங்காடியில தட்டைத் திருப்பி வைக்கிற இடமும் ஹலாலுக்குத் தனி, பாத்து வைங்க.

வாடகை ஒப்பந்தத்தை நடுவுல முறிச்சா முன்பணம் போயிடலாம், அதனால இப்போதைக்கு மாறாதீங்க. வீட்டுல யாருக்காவது ஆஸ்துமா இருந்து புகை நிஜமாவே ஒத்துக்கலைன்னா, எரிக்கிற தொட்டியைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லி, குடியிருப்பைப் பராமரிக்கிற நகர மன்றத்துல கேளுங்க, அதுல தப்பே இல்ல.