ஆயர் இல்லத்து முத்திரையும் ஓராண்டுக் கெடுவும்

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. 14 வயதில் பீடச் சிறுவனாக இருந்தபோது எங்கள் பங்குத்தந்தை அவனைப் பங்கு இல்லத்திலும், ஒருமுறை திருப்பயணம் போன ஊரில் விடுதி அறையிலும் பாலியல் தொல்லைக்கு உள்ளாக்கினார். மகன் எங்களிடம் சொன்ன மூன்றாவது வாரம் ஆயரிடம் மனு கொடுத்தோம். மூன்று குருக்கள் விசாரித்தார்கள். வெளியே சொல்லமாட்டோம் என்று பைபிள்மேல் சத்தியம் வாங்கினார்கள். பதினைந்து நாளில் அவரை வேறு பங்குக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே பள்ளியும் விடுதியும் இருக்கின்றன. ஊரில் எங்களோடு யாரும் முகம்கொடுத்துப் பேசுவதில்லை. இளையவளுக்குப் புதுநன்மை (முதல் நற்கருணை) கொடுக்காமல் இழுத்தடிக்கிறார்கள். இப்போது 8 லட்சம் ரூபாய் 'கல்வி உதவி' தருகிறோம், ஒரு தாளில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். மறைத்த ஆயரையும் திருச்சபையையும் கோர்ட்டுக்கு இழுக்க முடியுமா? (ஒரு தாய், தென் மாவட்டம்)

பதில்: அம்மா, உங்கள் கடிதம் ஒன்பது பக்கம். எனக்கு வேண்டியது ஏழாம் பக்கத்து ஓரத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான்: "மனுவின் நகலில் ஆயர் இல்லத்து ரப்பர் முத்திரை குத்தித் தேதி போட்டுக் கொடுத்தார்கள்." அந்தத் தேதிக்கு இன்றோடு பதினோரு மாதம் முடிந்துவிட்டது. உங்கள் வழக்கில் பாதி அந்த முத்திரையில் இருக்கிறது. மீதிப் பாதி, மிச்சமிருக்கும் நான்கு வாரத்துக்குள் நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதில்.

புதுநன்மை, அன்பியக் கூட்டத்தில் ஒதுக்கியது, உபதேசியார் கோயில் வாசலில் பேசிய பேச்சு, இவை எதுவும் கோர்ட்டுக்கு வராது. வலி எனக்குப் புரிகிறது. ஆனால் புகாரில் அவற்றை எழுதினால், "ஊர்ப் பகையில் போட்ட வழக்கு" என்று எதிர்த்தரப்பு முதல் நாளே ஆரம்பிக்கும். அந்தப் பக்கங்களைக் கிழித்துவிடுங்கள்.

பங்குத்தந்தை மீதான குற்றத்துக்குக் காலக்கெடு இல்லை. மத நிறுவனத்தில் பொறுப்பில் இருப்பவர் அங்குள்ள குழந்தையிடம் இப்படி நடந்தால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் அது கடுமையான வகைக் குற்றம். விடுதி அறையில் நடந்தது 'நிறுவனத்துக்கு வெளியே' என்று ஒரு வாதம் வரும். அதற்காகவே அதே சட்டத்தின் 5, 9 ஆகிய பிரிவுகளில், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவர் எங்கே செய்தாலும் குற்றம் என்று தனி உட்பிரிவு இருக்கிறது. நடந்தது எந்த அளவுக்கு என்பதைப் பொறுத்து 5 முதல் 7 ஆண்டு, அல்லது குறைந்தது 20 ஆண்டு. எனக்கு அதை எழுத வேண்டாம். மகன் மாஜிஸ்திரேட்டிடம் சொல்லட்டும்.

ஆயர் விஷயம் வேறு. போக்சோ 19-ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்தது தெரிந்த எந்த நபரும் போலீஸில் சொல்லியே ஆகவேண்டும். தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் சொல்லாமல் விட்டால் 21(2)-இல் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். உள்விசாரணை நடத்தினோம், மாற்றிவிட்டோம், ரோமுக்கு எழுதினோம் என்பதெல்லாம் இதற்குப் பதில் ஆகாது. கத்தோலிக்கத் திருச்சபையின் சொந்த விதியே அப்படித்தான் சொல்கிறது. போப் பிரான்சிஸ் 2019-இல் கொண்டுவந்த விதிகளில், நாட்டுச் சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்கும் கடமை அப்படியே இருக்கும் என்றும், புகார் சொன்னவர்மேல் மௌனக் கட்டுப்பாடு சுமத்தக்கூடாது என்றும் இருக்கிறது. ஆகவே அந்தச் சத்தியம் உங்களைக் கட்டாது. அதை வாங்கியவர்கள்தான் அவர்களுடைய விதியை மீறியிருக்கிறார்கள்.

இனி, என் கட்சிக்காரர்கள் விழுந்த குழியைச் சொல்கிறேன்.

அதிகபட்சத் தண்டனை ஓராண்டு உள்ள குற்றத்துக்குக் காலக்கெடுவும் ஓராண்டுதான். இது போக்சோவில் இல்லை; புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 514-இல், யாரும் புரட்டாத பக்கத்தில் இருக்கிறது. குரு மீதான வழக்கு இருபது வருடம் கழித்தும் வரலாம், மறைத்தவர் மீதான வழக்கு ஓராண்டில் செத்துப்போகலாம். 'சொல்லாமல் இருப்பது தினமும் தொடரும் குற்றம்' என்று நான் வாதாடுவேன். பெரிய குற்றத்தோடு சேர்த்து விசாரிக்கும்போது பெரிய குற்றத்தின் கெடுவே பொருந்தும் என்றும் வாதாடுவேன். நீதியின் பொருட்டுத் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரமும் நீதிமன்றத்துக்கு உண்டு. ஆனால் இந்த மூன்றையும் நம்பி ஒரு நாள்கூடத் தள்ளமாட்டேன்.

எஃப்.ஐ.ஆர். பதிவான தேதியைத்தான் கெடுவுக்குக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று புதிய சட்டம் விளக்கமாகவே சொல்லிவிட்டது. இங்கேதான் ஜனங்கள் தவறுகிறார்கள். அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போவார்கள், ஃபாதர் பெயரை மட்டும் எழுதிக் கொடுப்பார்கள். "மேலே இருப்பவர்களை அப்புறம் சேர்த்துக்கலாம், முதலில் இதை முடிப்போம்" என்று இன்ஸ்பெக்டர் சொல்வார். தலையை ஆட்டிவிட்டு வருவார்கள். அந்த 'அப்புறம்' பதினான்காம் மாதத்தில் வரும். நீங்கள் கொடுக்கும் முதல் புகாரிலேயே மனு கொடுத்த தேதி, முத்திரை, விசாரணைக் குழுவின் அழைப்புக் கடிதம், மாற்றல் நடந்த தேதி எல்லாம் இருக்கவேண்டும். 'ஆயர் இன்று வரை போலீஸுக்குத் தெரிவிக்கவில்லை' என்ற வாக்கியம் தனியாக, ஒரு பத்தியாக இருக்கவேண்டும். பையன்தானே என்று யாராவது இழுத்தால் நகராதீர்கள். போக்சோவில் பையன், பெண் என்ற பேதமே கிடையாது.

"பங்கில் எல்லோருக்கும் தெரியும்" என்று நான்கு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது பயன்படாது. சட்டத்துக்கு வேண்டியது குறிப்பிட்ட ஒருவருக்குக் குறிப்பிட்ட நாளில் தெரிந்தது என்ற சான்று. கேரளத்துக் கொட்டியூர் வழக்கில், குருவால் கர்ப்பமான சிறுமிக்குப் பிரசவம் பார்த்த மருத்துவர்களை 2018-இல் உச்ச நீதிமன்றமே விடுவித்தது. துருவித் தெரிந்துகொள்ளும் கடமையை 19-ஆம் பிரிவு சுமத்தவில்லை, தெரிந்ததைச் சொல்லும் கடமையைத்தான் சுமத்துகிறது என்றது. மறைத்ததாகக் குற்றம்சாட்டப்பட்ட மற்ற ஆறு பேரும் 2019 தீர்ப்பில் வெளியே வந்தார்கள். உச்ச நீதிமன்றம் 2022-இல், விடுதி மாணவிகளுக்குச் சிகிச்சை அளித்தும் சொல்லாமல் விட்ட ஒரு மருத்துவர் மீதான வழக்கை ரத்து செய்யக்கூடாது என்றது. தெரிந்தும் சொல்லாமல் இருப்பது கடுமையான குற்றம் என்றது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது 'தெரியும்' என்பதைக் காட்டும் காகிதம்தான். அது உங்கள் கையில் இருக்கிறது. லேமினேட் செய்துவிடாதீர்கள், அப்படியே வையுங்கள்.

அந்தக் காகிதத்திலும் ஒரு ஓட்டை உண்டு. "என் மகனிடம் தவறான முறையில் நடந்துகொண்டார்" என்று நாசூக்காக எழுதியிருக்கிறீர்கள். நம் வீடுகளில் அப்படித்தான் எழுத வரும். அடித்ததைச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன் என்பார் ஆயர். அந்த ஓட்டையை அடைப்பது விசாரணைக் குழு உங்கள் மகனிடம் எழுதி வாங்கிய மூன்று பக்க வாக்குமூலம். அதை வாசித்த பிறகு யாரும் தெரியாது என்று சொல்ல முடியாது.

ஆனால் என்னைத் தூங்கவிடாத காகிதமும் அதுதான். எழுதியவர் ஒரு குரு. வார்த்தைகள் அவருடையவை. கையெழுத்து உங்கள் மகனுடையது. நகல் உங்களிடம் இல்லை. நாளை மகன் மாஜிஸ்திரேட்டிடம் இரண்டு இடத்தில் நடந்ததாகச் சொல்வான். அந்தத் தாளில் ஒரு இடம்தான் இருக்கும். குறுக்கு விசாரணையில் அதை அவன் முன்னால் நீட்டுவார்கள். 2022 ஜனவரியில் கோட்டயம் நீதிமன்றம், கன்னியாஸ்திரி ஒருவரின் புகாரில் குற்றம்சாட்டப்பட்ட ஆயரை விடுவித்தபோது, முன்பின் கூற்றுகளில் இருந்த முரண்பாடுகளைத்தான் பெரிதாக எடுத்துக்கொண்டது. அதன்மீது மேல்முறையீடு போனது, அது வேறு கதை. கொட்டியூரில் பாதிக்கப்பட்டவரே பிறழ் சாட்சி ஆனபோதும் டி.என்.ஏ. அறிக்கையும் பிறப்புச் சான்றும் வழக்கைத் தூக்கி நிறுத்தின. உங்களிடம் டி.என்.ஏ. கிடையாது. மகனின் வாய்ச்சொல் மட்டும்தான் இருக்கிறது.

ஆகவே அந்த வாக்குமூலத்தை ஒளிக்காமல் நாமே முந்திக்கொள்ள வேண்டும். இன்ன தேதியில், பெற்றோரை வெளியே உட்காரவைத்து, மூன்று குருக்கள் கேட்க, ஒருவர் தம் வார்த்தையில் எழுதினார், நகல் தரவில்லை, அதைக் கைப்பற்ற வேண்டும் என்று புகாரிலேயே கேளுங்கள். ஆயருக்குத் தெரியும் என்பதற்கு அதுவே சான்று. உங்கள் மகனைப் பொய்யனாக்கும் ஆயுதமாக அது திடீரென்று முளைப்பதையும் தடுக்கும். இனி ஆயர் இல்லம் எத்தனை முறை அழைத்தாலும் மகன் போகக்கூடாது. ரோமுக்கோ போப்பின் திருத்தூதரகத்துக்கோ நீங்கள் எழுதுவதானால் எழுதுங்கள், அவன் கையால் ஒரு வரியும் வேண்டாம்.

அங்கே பெரிதாக எதிர்பார்க்கவும் வேண்டாம். அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2015-இல் தண்டனை பெற்ற ஊட்டி மறைமாவட்டக் குரு ஒருவரின் இடைநீக்கத்தை அடுத்த வருடமே இங்கே நீக்கினார்கள்.

பாவசங்கீர்த்தனத்தில் உதவிப் பங்குத்தந்தையிடம் அவர் ஒப்புக்கொண்டதாகக் கேள்விப்பட்டதை எழுதியிருந்தீர்கள். நம் சாட்சியச் சட்டம் வக்கீலுக்குக் கொடுத்த பாதுகாப்பைக் குருவுக்குக் கொடுக்கவில்லை என்பது உண்மை. ஆனால் எந்தக் குருவும் கூண்டில் ஏறி அதைச் சொல்லப்போவதில்லை. அதைத் துரத்தி ஓடாதீர்கள்.

உங்கள் தம்பி கோயில் முன்னால் நின்று போட்ட யூடியூப் காணொளியை இந்தப் பதிலைப் படித்து முடிக்கும் முன்பே எடுக்கச் சொல்லுங்கள். குழந்தையின் பெயர் சொல்லவில்லையே என்பார். குடும்பம், பள்ளி, அக்கம்பக்கம் எதைக் காட்டி அடையாளம் தெரிந்தாலும் போக்சோ 23-ஆம் பிரிவு பாயும். 21-க்குக் குறைந்தபட்சத் தண்டனை என்று ஒன்றும் இல்லை. 23-இல் சிறை என்று போனால் குறைந்தது ஆறு மாதம். மறைத்தவரைவிட ஊருக்குச் சொன்னவருக்குக் கனமான பிரிவு. நான் எழுதிய சட்டமில்லை அம்மா.

நீங்கள் விரும்பாத இன்னொன்று. 19-இல் உள்ள 'எந்த நபரும்' என்பதில் தாயும் அடங்குவார். பாதிக்கப்பட்ட குடும்பத்தின் மேல் போலீஸ் இதைப் போடுவது அரிது. ஆனால் கூண்டில் உங்களிடம் கேட்பார்கள்: பதினோரு மாதம் நீங்கள் ஏன் போகவில்லை? ஆயர் மேல் நம்பிக்கை வைத்தோம், சத்தியம் வாங்கினார்கள் என்பதுதான் உண்மையான பதில். அதைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள். கேட்ட பிறகு சொல்வதைவிட அது மேல்.

பணத்துக்கு வருகிறேன். அந்தத் தாளில் கையெழுத்துப் போடக்கூடாது. 'தவறான புரிதலால் எழுந்த புகார், எந்தக் காவல் நிலையத்திலும் மேல்நடவடிக்கை கோரமாட்டோம்' என்று எழுதி 8 லட்சம் வாங்கினால், குற்றத்தை மறைக்கக் கூலி வாங்கியதாக புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 250 உங்கள் மேல் திரும்பும், கொடுத்தவருக்கு 251. குற்ற வழக்கை அது முடிக்கவும் முடிக்காது. ராஜஸ்தானில் ஓர் ஆசிரியர் மீதான போக்சோ வழக்கைச் சமாதானத்தைக் காட்டி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை ரத்து செய்தது. கையெழுத்துப் போட்டால் உங்களுக்குக் கிடைப்பது பணமும், பணத்துக்காகப் புகார் கொடுத்தவள் என்ற பெயரும்.

ஆனால் பணமே தொடமாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதையும் நான் ஏற்கவில்லை. எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகு சிறப்பு நீதிமன்றத்தில் இடைக்கால இழப்பீடு கேட்கலாம். அது அரசு நிதியிலிருந்து வரும், மகனின் படிப்பு நிற்காது. மறைமாவட்டத்தின் மேல் நஷ்டஈட்டு வழக்கு தனி. மைனருக்குப் பதினெட்டு வயது ஆன பிறகும் மூன்று ஆண்டு அவகாசம் உண்டு, ஆகவே அவசரம் இல்லை. அந்த வழக்கில் மட்டும் சமாதானம் பேசுங்கள் என்றே சொல்வேன். மைனர் பெயரில் சமாதானம் என்றால் நீதிமன்ற அனுமதி வேண்டும். அல்லது அவனே மேஜராகிக் கையெழுத்துப் போடட்டும். குற்ற வழக்கைப் பற்றி அந்த ஒப்பந்தத்தில் ஒரு சொல்லும் இருக்கக்கூடாது. அப்படிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். திருச்சபையை மொத்தமாகக் கூண்டில் ஏற்றுகிறேன் என்று சிவில் கோர்ட்டில் பத்து வருடம் நடந்தால், உங்கள் மகன் இருபத்தாறு வயதில் கல்யாணப் பேச்சுக்கு நடுவில் மறுபடியும் பதினான்கு வயதுக்குப் போய்ப் பதில் சொல்லவேண்டி வரும்.

ஒன்றை மட்டும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள்: அவர் மறைமாவட்டக் குருவா, துறவற சபைக் குருவா? துறவற சபை என்றால் அவருக்கு மேலே சபையின் மாநிலத் தலைவரும் இருக்கிறார். 21(2)-இல் உள்ள 'கீழ்ப்பணிந்தவர்' என்ற சொல்லுக்கு இரண்டு மேலிடமும் ஒன்றையொன்று கைகாட்டும். சபைக் குரு என்றால் மனுவின் நகலை மாநிலத் தலைவருக்கும் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள்; அவருக்குத் தெரிந்தது என்பதற்கும் அப்போது தேதி இருக்கும்.

கடைசியாக, ஞாயிறு பூசைக்கு அதே கோயிலுக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். அது சட்டக் கேள்வி இல்லை, உங்கள் இஷ்டம். மகன் மாஜிஸ்திரேட்டிடம் வாக்குமூலம் கொடுத்து முடிக்கும்வரை பூசை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வந்துவிடுங்கள். குருக்கள் பூசை உடை மாற்றும் சக்ரிஸ்து அறைப் பக்கம் யாராவது "ஒரு நிமிஷம்மா" என்று கூப்பிட்டால், வக்கீலிடம் பேசச் சொல்லுங்கள்.